மாப்பிள்ளை இங்கிலாந்தில், முகூர்த்தம் கும்பகோணத்தில்: எந்த விசா?

தங்கச்சி, உங்கள் கேள்வி இதுதானே: வீடு மன்னார்குடியில், தை மாதம் கும்பகோணத்தில் முகூர்த்தம், மாப்பிள்ளைக்கு இங்கிலாந்தில் வேலை. அங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் பியான்ஸே விசாவா, மனைவியாகப் போகும் ஸ்பௌஸ் விசாவா, வேலை விசாக்காரரைச் சார்ந்து போகும் டிபென்டன்ட் விசாவா? இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர், "விசிட்டர் விசாவில் போய் அங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிக்கம்மா" என்கிறாராம்.

சொந்தக்காரர் சொன்னதை முதலில் தள்ளிவிடுவோம். சாதாரண விசிட்டர் விசாவில் போய் அங்கே கல்யாணம் செய்யக் கூடாது. கல்யாண நோட்டீஸ்கூடக் கொடுக்கக் கூடாது. மேரேஜ் விசிட்டர் விசா என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் அது கல்யாணத்தை முடித்துவிட்டு ஆறு மாதத்துக்குள் ஊர் திரும்புகிறவர்களுக்கானது. அங்கேயே இருந்துகொண்டு அதை ஸ்பௌஸ் விசாவாக மாற்ற முடியாது.

இனி மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர் கையில் இருப்பது என்ன விசா? "அங்க செட்டில் ஆயிட்டார்" என்று தரகர் சொல்வது எதற்கும் உதவாது. பிரிட்டிஷ் குடியுரிமையா, நிரந்தர வசிப்புரிமையா, கம்பெனி வேலைக்காகக் கிடைக்கும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவா என்று கேளுங்கள். மழுப்பினால் முகூர்த்தப் பத்திரிகை அடிக்காதீர்கள்.

ஸ்கில்டு ஒர்க்கர் என்றால் பெரும்பாலும் உங்களுக்கு டிபென்டன்ட் விசா. அதில் பியான்ஸே வழியே கிடையாது. கல்யாணம் முடிந்து, சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் விண்ணப்பம். உங்களுக்காக 285 பவுண்டு 28 நாள் வங்கியில் இருந்தால் போதும், அல்லது கம்பெனியே பொறுப்பேற்கலாம். அங்கே போய் நீங்களும் வேலை பார்க்கலாம். ஆனால் உங்கள் விசா அவருடைய விசாவோடு கட்டிப்போட்டது. கேர் ஒர்க்கராக, அதாவது முதியோரையும் நோயாளிகளையும் கவனிக்கும் பணிக்கு, 2024 மார்ச் 11-க்குப் பிறகு அந்த வழியில் புதிதாக வந்தவர் மனைவியை அழைக்க முடியாது. ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத மாணவர்களுக்கும் 2024 ஜனவரியிலிருந்து அதே கதை. படிப்பை முடித்து கிராஜுவேட் விசாவில் இருப்பவரும் புதிதாக மனைவியைச் சேர்க்க முடியாது. பல சம்பந்தங்கள் இங்கேதான் இடறுகின்றன.

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் பியான்ஸே, ஸ்பௌஸ் இரண்டும் திறந்திருக்கும். 2025 ஏப்ரல் கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பௌஸ் விசாவுக்கு 1,938 பவுண்டு, மருத்துவக் கட்டணம் (அங்கே அரசு மருத்துவ வசதிக்காக முன்கூட்டியே கட்டுவது) 3,105, ஆக 5,043. பியான்ஸே விசாவுக்கும் அதே 1,938. ஆனால் ஆறு மாதம்தான், வேலை பார்க்கக் கூடாது. அங்கே கல்யாணம் ஆனதும் மறுபடி 1,321, மருத்துவக் கட்டணம் 2,587.50, மொத்தம் 5,846.50. அந்த ஆறு மாதம் நிரந்தர வசிப்புரிமைக்கான ஐந்து வருடக் கணக்கிலும் சேராது. கல்யாணம் நம் ஊரில்தான் என்று முடிவான பிறகு பியான்ஸே விசாவுக்கு வேலையே இல்லை. ஸ்பௌஸ் விசா 33 மாதம் தருவார்கள், பிறகு 30 மாத நீட்டிப்பு.

சிக்கல் முழுக்க வருமானத்தில் இருக்கிறது. 2024 ஏப்ரல் 11 முதல் வருடத்துக்கு 29,000 பவுண்டு காட்ட வேண்டும். அது மாப்பிள்ளையின் வருமானம். நீங்கள் இங்கே சம்பாதிப்பது சேராது. ஒரே கம்பெனியில் ஆறு மாதம் இருந்தால் ஆறு பே ஸ்லிப், அந்தச் சம்பளம் வந்து விழுந்த வங்கிக் கணக்கு, கம்பெனிக் கடிதம் மூன்றும் பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் மிகக் குறைந்த சம்பளத்தை வைத்துத்தான் வருடக் கணக்கு. கல்யாணத்துக்கென்று சம்பளமில்லா லீவில் மூன்று வாரம் ஊருக்கு வந்தால் அந்த மாத ஸ்லிப் இளைத்துப் போகும், கேள்வி வரும். சம்பளத்தோடு கூடிய லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்போ பின்போ வேலை மாறினால் ஆறு மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இல்லையென்றால் பன்னிரண்டு மாதக் கணக்குக் காட்டும் வழிக்குப் போக வேண்டும், அதற்குக் காகிதம் இன்னும் அதிகம்.

குறைகிற தொகையைச் சேமிப்பால் ஈடுகட்டலாம். குறைவதை இரண்டரையால் பெருக்கி, 16,000 கூட்டுங்கள். அவர் சம்பளம் 25,000 என்றால் குறைவு 4,000, பெருக்கினால் 10,000, ஆக 26,000 பவுண்டு வங்கியில் ஆறு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். இங்கேதான் நம் பக்கத்து அப்பாக்கள், "நிலத்த வித்து போட்டுடறேன்" என்று கிளம்புவார்கள். நிலம் அப்பா பேரில் இருந்தால் அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம் ஓட ஆரம்பிக்கும். பட்டா உங்கள் பேரிலோ மாப்பிள்ளை பேரிலோ இருந்து விற்றதானால், அது உங்கள் சொத்தாக இருந்த காலத்தையும் ஆதாரத்தோடு கணக்கில் சேர்க்கலாம். உங்கள் பேருக்கு மாறி ஆறு மாதம்கூட ஆகாத நிலத்தைக் காட்டிப் பயனில்லை.

அடுத்தது பதிவு. கோயில் ரசீதும் மண்டப ரசீதும் கல்யாணச் சான்றிதழ் ஆகாது. சார்பதிவாளர் முன்னால் இரண்டு பேரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். மறுவீடு, விருந்து, குலதெய்வம் என்று சுற்றிவிட்டு மாப்பிள்ளை பிளைட் ஏறிவிட்டால் அவர் அடுத்த லீவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தாலி கட்டிய பிறகு வருகிற முதல் வேலை நாளையே பதிவுக்கு ஒதுக்குங்கள். சட்டப்படி 90 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அது உங்களுக்கு, அவருடைய லீவுக்கு அல்ல. வேறு மதத்துக் கல்யாணம், சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் 30 நாள் நோட்டீஸ் இருக்கிறது; மூன்று வார லீவில் அடங்காது.

பெயரைப் பாருங்கள். நம்மிடம் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், டிகிரியில் ஒற்றை எழுத்து, ஆதாரில் எழுத்து பின்னால். கல்யாணச் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடச் சொல்லிக் கையெழுத்துக்கு முன் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் பழைய பெயரில் இருந்தால் பதற வேண்டாம். மயிலாடுதுறை தனி மாவட்டமானதே 2020-இல்தானே. பாஸ்போர்ட்டில் இருப்பதையே படிவத்தில் எழுதுங்கள்.

ஸ்பௌஸ் விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு: ஏ1 என்ற ஆரம்ப நிலை, பேசுவதும் கேட்பதும் மட்டும். வழக்கமான ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு ஏமாறாதீர்கள். விசாவுக்கு அங்கீகரித்த பாதுகாப்பான தேர்வாக இருக்க வேண்டும். ஆங்கில வழி டிகிரி இருந்தால் வெளிநாட்டு டிகிரிகளை மதிப்பிடும் எக்டிஸ் நிறுவனத்தின் சான்று போதும், கல்லூரிக் கடிதம் மட்டும் போதாது. காசநோய்ப் பரிசோதனை அங்கீகரித்த கிளினிக்கில்தான். சான்று ஆறு மாதமே செல்லும், ஆகவே நிச்சயதார்த்தத்தோடு எடுத்துவிடாதீர்கள், விண்ணப்பத்துக்குக் கிட்டத்தில் எடுங்கள்.

வீடு: நண்பர்களோடு பகிர்ந்த வீடானாலும் உங்கள் இருவருக்கும் தனி அறை, வீட்டுக்காரரின் கடிதம் இரண்டும் வேண்டும். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் என்பது குறையல்ல, அதை அப்படியே எழுதுங்கள். போட்டோ ஆல்பம் முழுவதையும் ஏற்றாதீர்கள். பெண் பார்த்தது, தட்டு மாற்றியது, தாலி கட்டியது, பதிவு அலுவலக வாசல் என்று தேதியோடு பத்துப் பதினைந்து போதும். கூடவே நீங்கள் இருவரும் போனில் பேசிய, சாட் செய்த பதிவு மாதத்துக்கு ஒரு பக்கம். தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரத்தோடு மொழிபெயர்த்து வையுங்கள்.

மாப்பிள்ளையின் விசா என்ன, சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதமாக அதே கம்பெனி, மூன்றையும் எழுதுங்கள். விண்ணப்பத் தேதியை அதை வைத்துக் குறித்துவிடலாம்.