சுண்ணாம்பைப் படிக்க எங்கே போவது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மதுரையில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு (பி.ஆர்க்) முடித்து ஓராண்டாகிறது. ஒரு சிறிய அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நிலைத்தகு கட்டடக்கலை (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கட்டும் கலை), மரபுக் கட்டடப் பாதுகாப்பு இரண்டில் ஒன்றில் மேற்படிப்பு படிக்க ஆசை. எது என்று முடிவுசெய்ய முடியவில்லை. கல்வி முகவர் ஒருவர் இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்புக்கு எல்லாம் சேர்த்து 35 லட்சம் ஆகும் என்கிறார். அப்பா நிலத்தை அடமானம் வைக்கத் தயார். மாமாவோ, "நம்மூர்ச் சுண்ணாம்பைப் படிக்க வெள்ளைக்காரன் ஊருக்குப் போக வேண்டுமா?" என்று கேலி செய்கிறார். தேவகோட்டை அருகே அப்பத்தா வீட்டின் முகப்புச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று கீழே மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினார்கள். இப்போது சிமெண்டுக்கு மேலே உப்புப் பூக்கிறது. அதைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. வழி சொல்லுங்கள்.

ச., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ச.,

முதலில் பணம். நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். கட்டடப் பாதுகாப்புத் துறையில் சம்பளம் மெலிந்ததுதான். கடன் வாங்கி வெளிநாட்டில் இதைப் படித்தவர்கள், திரும்பி வந்து தவணை கட்டுவதற்காக அடுக்குமாடி நிறுவனங்களில் கண்ணாடி முகப்பு வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் இங்கேயே படியுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

எந்தத் துறை என்ற கேள்விக்கு உங்கள் அப்பத்தா வீட்டுச் சுவரே பதில் சொல்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர் தரையிலிருந்து நீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் நனையும், காயும், நிற்கும். சிமெண்டைப் பூசியதும் வெளியேறும் வழி அடைபடுகிறது. நீர் மூன்றடியைத் தாண்டி மேலே ஏறி, அங்கே ஆவியாகி, தன்னோடு கொண்டுவந்த உப்பைச் செங்கல்லின் நுண்துளைகளில் விட்டுச் செல்கிறது. உப்பு படிகமாகி வளரும்போது செங்கல் மாவாக உதிர்கிறது. வெளியே வெள்ளையாகப் பூப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. இது பாதுகாப்புத் துறையின் பாடம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது, நிற்கிற வீட்டை இடிக்காமல் காப்பாற்றினால் அதில் கொஞ்சம் மிச்சம் என்பது நிலைத்தகு கட்டடக்கலையின் பாடம். இரண்டும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் நிர்வாக வசதிக்காகப் பிரித்து வைத்திருக்கின்றன, அவ்வளவே.

ஆகவே படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். 'நிலைத்தகு' என்று பெயர் சூட்டிய பல படிப்புகளில் ஆண்டு முழுதும் கணினியில் குளிரூட்டிக்கான மின்செலவைக் கணக்கிடுவதே வேலை. பழைய கட்டடம் ஒன்றில் ஏறி இறங்கி அளவெடுக்கும் பயிற்சி இல்லாத படிப்பு உங்களுக்கு உதவாது.

மாமாவின் கேலியைத் தள்ளிவிட முடியாது. டெல்லியிலும் போபாலிலும் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளில் பாதுகாப்புக்கென்றே முதுகலைப் படிப்பு (எம்.ஆர்க்) உண்டு. விஜயவாடாவில் நிலைத்தகு கட்டடக்கலைக்கு உண்டு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகமும் நல்ல இடம், கட்டணம் கூடுதல். மேற்படிப்புக்கான அகில இந்தியத் தேர்வான கேட் (GATE) தேர்வில் தகுதிபெற்று எம்.ஆர்க் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் விடுதிச் சாப்பாட்டுக்கு வீட்டை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

ஆனால் மாமா சொல்வதையே அரசு விதியாக எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. பட்டியல் சாதியினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வழங்குகிறது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த படிப்புகளுக்கு இனி இது கிடையாது என்று 2022இல் விதியை மாற்றினார்கள். அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமே என்பது வாதம். சுதை வேலை செய்யும் கொத்தனாரின் மகள் இத்திட்டத்தில் வெளிநாடு சென்று வேறு என்னவும் படிக்கலாம், தன் தகப்பன் கைவேலையைத் தவிர. காரையில் சேர்க்கும் சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் நம்முடையவை என்பது உண்மை. நூறு ஆண்டுப் பழமையான காரையில் எது எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் ஆய்வு முறைக்கோ, விரிசல் விட்ட கல்மண்டபம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடும் முறைக்கோ ஊர் ஏது?

அந்தக் கணக்கைக் கற்க எனக்குத் தெரிந்த சிறந்த இடம், போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழகம் பார்சிலோனா, படுவா, பிராக் நகரப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து நடத்தும் ஓராண்டு முதுகலை. பழங்கட்டடங்களின் கட்டமைப்பை ஆராய்வதற்கென்றே உள்ள படிப்பு. கணிதத்துக்கு அஞ்சுபவர் போக வேண்டாம். ஜெர்மனியின் காட்பஸ் நகரில் உலக மரபுக் கல்வி என்றொரு முதுகலை ஆங்கிலத்தில் நடக்கிறது. அங்கே கற்பிப்புக் கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டும். ஆனால் விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை வங்கி முடக்கக் கணக்கில் (blocked account) போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அது உங்களுக்கே திரும்ப வரும். 'ஜெர்மனியில் இலவசம்' என்று சொல்லும் முகவர்கள் இந்தத் தொகையைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

இங்கிலாந்துதான் வேண்டுமென்றால் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை இருக்கிறது. கட்டணம், பயணம், தங்கும் செலவு அனைத்தும் அடங்கும். இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்ததும் இரண்டாண்டுகளாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையில் மரபுப் பாதுகாப்பு ஒரு துறையாகவே உண்டு. அவர்கள் கேட்பது மூன்றாண்டு அனுபவம். இரண்டு இடங்களிலும் ஓராண்டு அனுபவத்தோடு உங்களால் விண்ணப்பிக்கவே முடியாது. முகவருக்கு இது தெரியாமலிருக்காது. காத்திருக்கச் சொன்னால் அவருக்குத் தரகு கிடைக்காதே.

அனுபவம் சேரும்வரை காத்திருக்கும் அந்த இடைவெளியை இப்போதைய அலுவலகத்தில் கழிக்காதீர்கள். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சிக்குப் போங்கள். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிடும் குழு எதிலாவது சேருங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. மர உத்திரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும் கொத்தனாரின் கை வேகத்தை எந்தப் பாடநூலும் காட்டாது.

விண்ணப்பக் கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே கோயில்கள் என்னைக் கவர்ந்தன" என்று தொடங்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்குகின்றன. மூன்றடிச் சிமெண்ட் பூச்சுக்கு மேலே உப்பு எத்தனை அடி ஏறியிருக்கிறது, மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஓராண்டு குறித்துவைத்து, அதைக் கட்டுரையாக்குங்கள்.

கேட் தேர்வையும் எழுதி வைத்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குக் கல்லூரி முதல்வரைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் வரைபடத்தில் சிவப்பு மையால் திருத்திய ஆசிரியர் யாரோ அவரிடம் கேளுங்கள், அதுவும் இரண்டு மாதம் முன்னதாக. கடைசி வாரத்தில் போய் நின்றால் "நல்லொழுக்கம் உள்ள மாணவி" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும்.