குதிரைக் கேள்வி பதில்: 31 லெங்த்தும் 44.5 சென்டிமீட்டரும்

கேள்வி: 1973-ல் அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தில் செக்ரடேரியட் என்ற குதிரை 31 லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது. கூட ஓடிய குதிரைகள் சோப்ளாங்கிகளா?

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றரை மைல் மண் தடம், 2 நிமிடம் 24 விநாடி. அந்தப் பந்தயத்தில் இன்றுவரை அதை எந்தக் குதிரையும் தொடவில்லை. சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம், ஏறக்குறைய 2.4 மீட்டர். ஆக இரண்டாவது குதிரை 75 மீட்டர் பின்னால்.

போட்டிக்கு நின்ற ஷாம் லேசுப்பட்டதல்ல. ஐந்து வாரம் முன்பு கென்டக்கி டெர்பி பந்தயத்தில் செக்ரடேரியட்டிடம் வெறும் இரண்டரை லெங்த்தில் தோற்றது அதுதான். பெல்மான்டில் தொடக்கத்திலேயே செக்ரடேரியட்டுடன் மல்லுக்கட்டியது. முதல் அரை மைல் 46.2 விநாடி. நீண்ட பந்தயத்துக்கு அது தற்கொலை வேகம். ஷாம் தளர்ந்து, ஓடிய ஐந்தில் கடைசியாக வந்தது.

என்னைக் கேட்டால் டெர்பியைத்தான் பெரிதாகச் சொல்வேன். ஒன்றேகால் மைலைக் கால் மைல்களாகப் பிரித்தால் செக்ரடேரியட்டின் நேரங்கள்: 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. எல்லாக் குதிரையும் களைக்கும் இடத்தில் இது வேகம் கூட்டியிருக்கிறது. அதை ஓட்டிய ஜாக்கி ரான் டர்காட்.

கேள்வி: செக்ரடேரியட்டின் இதயம் 10 கிலோ என்பது உண்மையா?

பதில்: 1989-ல் அது இறந்தபின் உடற்கூறு ஆய்வு செய்த மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பு அது (22 பவுண்டு). தராசில் வைக்கவில்லை. நிறுத்துப் பார்த்தது ஷாமின் இதயத்தை: 18 பவுண்டு, அதாவது 8 கிலோவுக்குச் சற்று மேல். ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருங்காட்சியகத்தில் இருக்கும், ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரையின் இதயம் 6.2 கிலோ. சாதாரணப் பந்தயக் குதிரைக்கு 4 கிலோ அளவில் இருக்கும்.

பெரிய இதயம் ஏன் உதவுகிறது? ஓய்வில் நிமிடத்துக்கு 30–40 துடிப்பு, முழு ஓட்டத்தில் 220-ஐத் தாண்டும். இந்த உச்சம் குதிரைக்குக் குதிரை அதிகம் மாறாது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதில்தான் வித்தியாசம். இதோடு மண்ணீரல் சேமித்து வைத்த சிவப்பணுக்களை ஓட்டத்தின்போது ரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் மட்டும் போதாது. எலும்பும் குளம்பும் தாங்க வேண்டும். செக்ரடேரியட்டைக் கடைசியில் கொண்டுபோனது லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய்.

கேள்வி: உலகின் உயரமான குதிரை 21.2 கை என்று படித்தேன். சென்டிமீட்டரில் 215 வருகிறது, புத்தகத்தில் 219. எது சரி?

பதில்: புத்தகம் சரி. கை என்பது 4 அங்குலம். புள்ளிக்குப் பின் வருவது தசமம் இல்லை, மிச்ச அங்குலம். 1846-ல் இங்கிலாந்தில் பிறந்த சாம்ப்சன் என்ற ஷயர் குதிரை 21 கையும் இரண்டரை அங்குலமும்: 86.5 அங்குலம், 219 செ.மீ.க்குச் சற்று மேல். அமெரிக்காவின் பிக் ஜேக் என்ற குதிரை 210 செ.மீ., லாடம் இல்லாமல் அளந்தது.

கேள்வி: மினியேச்சர் குதிரையும் நம்மூர் மட்டக்குதிரையும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மட்டக்குதிரை குட்டைக் காலும் தடித்த உடலுமாக இருக்கும். மினியேச்சரைப் பெரிய குதிரையின் அளவு குறைந்த அச்சாக வளர்க்கிறார்கள். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் உயர வரம்பு 34 அங்குலம். வழக்கம்போல் தோள்மேட்டில் அளக்காமல், பிடரிமயிர் முடியும் இடத்தில் அளப்பார்கள். விலை பேசும்போது எங்கே அளந்தது என்று கேளுங்கள்.

சாதனைப் புத்தகத்தில் வந்த 44.5 செ.மீ. உயரத் தம்பெலினா என்ற குதிரை வேறு கதை. மினியேச்சரிலேயே குள்ளத்தன்மைக் கோளாறோடு பிறந்தது அது. இப்படிப்பட்டவற்றுக்கு நெற்றி புடைக்கும், கீழ்த்தாடை முன்தள்ளும், கால் வளையும். அக்ரிகன் மரபணுவில் அறியப்பட்ட நான்கு பிழைகள் பல குள்ளங்களுக்குக் காரணம். பிழையைச் சுமக்கும் தாயும் தகப்பனும் பார்க்க நன்றாகவே இருக்கும். இணை சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு ஆபத்து. வேரோடு பிடுங்கிய மயிரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். இன்னும் சின்னதாக வேண்டும் என்ற ஆசையில் குள்ளங்களை இனவிருத்திக்கு விடுவது தவறு.

கேள்வி: மினியேச்சருக்குத் தீனி எவ்வளவு? கொள்ளு தரலாமா?

பதில்: முதலில் எடை. நெஞ்சுச் சுற்றளவை (செ.மீ.) அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். சுற்றளவு 100, நீளம் 95 என்றால் சுமார் 80 கிலோ. அதில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், அதாவது நாளுக்கு 1.2–1.6 கிலோ காய்ந்த புல், மூன்று நான்கு வேளையாக. கொள்ளென்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடுவதும் இதற்கும் உண்டுதான், ஆனால் சும்மா நிற்கும் குதிரைக்குக் கொள்ளு தேவையில்லை. கொழுத்தால் லாமினைட்டிஸ் வரும்.

கொழுத்துவிட்டதே என்று பட்டினி மட்டும் போடாதீர்கள். தீனி நின்றால் இந்த இனம் உடல் கொழுப்பை ரத்தத்தில் அளவுக்கு மீறி இறக்கும். கல்லீரல் கெட்டு உயிரே போகலாம். ஒரு நாள் தீனியைத் தொடவில்லை என்றாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பூச்சி மருந்து?

பதில்: பெரிய குதிரைக்கு வாயில் கொடுக்கும் பேஸ்ட் குழலில் 500, 600 கிலோவுக்கான அளவு இருக்கும். மேலே சொன்ன கணக்கில் வந்த எடைக்குக் குழலின் தண்டிலுள்ள வளையத்தைத் திருகிப் பூட்டிவிட்டுக் கொடுங்கள். மாக்ஸிடெக்டின் என்ற பூச்சி மருந்தை மருத்துவர் சொல்லாமல் தொடவேண்டாம், அளவு தப்பினால் நரம்பைத் தாக்கும்.

கேள்வி: குழந்தை ஏறலாமா?

பதில்: சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை ஏற்றலாம். 80 கிலோவுக்கு 16. சின்னஞ்சிறு குழந்தையோடு சரி.

கேள்வி: பார்வையற்றோருக்கு வழிகாட்டும் குதிரை நிஜமா?

பதில்: நிஜம். அமெரிக்காவில் 1999-ல் அதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கியது. 2011-ல் நடப்புக்கு வந்த அங்குள்ள விதிகள், பழக்கிய மினியேச்சரைக் கடைக்குள் விடச் சொல்கின்றன. லத்தி போடாமல் பழகியிருக்கிறதா, கட்டுக்குள் இருக்கிறதா, இடம் அதன் உருவத்தைத் தாங்குமா, பாதுகாப்புக்குக் குந்தகமா என்று கடைக்காரர் பார்க்கலாம். 25, 30 வருடம் வாழும் என்பது நாயைவிட லாபம். வழவழத் தரையில் குளம்பு வழுக்கும், அதனால் ரப்பர் காலணி மாட்டுகிறார்கள். அடுக்குமாடியில் வைத்துக்கொள்ள முடியாது. லாயமும் நடமாட வெளியும் வேண்டும்.