அழாத தாயும் காட்டுநாயின் தடமும்

அன்புள்ள ஐயா,

1980 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையடியில் குடும்பத்தோடு கூடாரத்தில் தங்கியிருந்தபோது காணாமல் போன அசாரியா சேம்பர்லைன் என்ற ஒன்பது வாரக் குழந்தையைப் பற்றிப் படித்தேன். டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச் சென்றதாகத் தாய் சொன்னாராம். ஆனால் தொலைக்காட்சிப் பேட்டிகளில் அவர் கண் கலங்கவேயில்லை என்கிறார்கள். பெற்றவள் அப்படி இருப்பாளா? ஒரு நாயால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் முடியுமா? பிற்காலத் தீர்ப்புகளுக்குப் பிறகும் என் சந்தேகம் தீரவில்லை.

ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சந்தேகம் அன்று ஆஸ்திரேலியாவிலும் பலருக்கு இருந்தது. நம் பக்கத்து எழவு வீடுகளிலும் ஒப்பாரி வைக்காத பெண்ணைப் பந்தலிலேயே ‘கல்நெஞ்சுக்காரி’ என்று பேசிவிடுகிறார்கள்; அசாரியாவின் தாய் லிண்டி சேம்பர்லைன் விஷயத்தில் அந்தப் பேச்சு வழக்கையும் சூழ்ந்துகொண்டது, 1982 அக்டோபரில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சமையல் நடந்த இடத்தைவிட்டுச் சில நிமிடங்கள் விலகிய தாய், காரின் முன்னிருக்கையில் குழந்தையின் கழுத்தை அறுத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வந்தார் என்பது அரசுத் தரப்பின் ஊகம். டேஷ்போர்டுக்கு அடியில் காணப்பட்ட தெறிப்பு பச்சிளங்குழந்தையின் ரத்தம் என்று ஆய்வக நிபுணர் சாட்சி சொன்னார். அது இரைச்சலைத் தடுப்பதற்காகத் தொழிற்சாலையில் தெளிக்கப்பட்ட பூச்சு என்பது பின்னரே தெரிந்தது. ஆனால், தாய் திரும்பி வந்த பிறகு குழந்தையின் அழுகுரலைக் கேட்டதாக அருகில் முகாமிட்டிருந்த பெண்மணி ஒருவர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். அந்த ஒரு சாட்சியமே ஊகத்தைக் கவிழ்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எனக்கு மேலும் உறுத்துவது மணலில் கிடந்த தடங்கள். அன்றிரவு தேடியவர்கள் கூடாரத்துக்கு அருகே டிங்கோவின் தடத்தையும், அது சுமையைக் கீழே வைத்த இடத்தில் பின்னல் துணி பதிந்தது போன்ற அடையாளத்தையும் கண்டார்கள். தடம் பார்ப்பதில் கைதேர்ந்த அந்த மண்ணின் பழங்குடியினரும் டிங்கோதான் என்றனர். 1982 வழக்கில் அவர்கள் சொல்லுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அஞ்செட்டிப் பக்கம் ராகிக் கொல்லைக்குப் பரணில் காவலிருப்பவர், விடிந்ததும் தடத்தைப் பார்த்தே, வந்தது ஒற்றை யானையா, குட்டியோடு கூடிய கூட்டமா என்று சொல்லிவிடுவார். அவரை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தக் காட்டையே பார்த்திராத நிபுணரை நாம் கேட்போமா?

குழந்தையின் மற்ற உடைகள் ஒரு வாரத்தில் கிடைத்தபோது அவற்றில் டிங்கோவின் எச்சில் இல்லை என்று வாதிட்டார்கள். அவற்றுக்கு மேலே குழந்தைக்கு ஒரு பின்னல் சட்டை போட்டிருந்தேன் என்று லிண்டி சொன்னதை யாரும் ஏற்கவில்லை. 1986-இல், பாறையிலிருந்து தவறி விழுந்து இறந்த ஒரு பயணியின் உடலைத் தேடப் போனவர்களின் கண்ணில், டிங்கோக்களின் வளைகள் உள்ள பகுதியில், அதே சட்டை தற்செயலாகப் பட்டது. சில நாட்களில் லிண்டி விடுவிக்கப்பட்டார். 1988-இல் தண்டனை ரத்தானது. குழந்தையின் மரணத்துக்கு டிங்கோவே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அறிவிக்க 2012 ஜூன் வரை ஆயிற்று.

நாயால் முடியுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி, முதல் கேள்வியைவிட நியாயமானது. உலுருவின் வனக்காவலர் டிங்கோக்கள் மனிதர்களை அஞ்சாமல் நெருங்குவதைக் குறித்து முன்பே மேலிடத்தை எச்சரித்திருந்தார். 2001-இல், ஆஸ்திரேலியாவிலேயே அப்போது ஃபிரேசர் தீவு எனப்பட்ட இடத்தில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனையே டிங்கோக்கள் கொன்றன.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து