இதுக்கா நான் கை தட்டுனேன்? – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

உங்க சினிமா கட்டுரையெல்லாம் ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவ. 80கள்ல ஸ்கூல், 90கள்ல காலேஜ் படிச்சவ நான். லீவுக்கு வந்த பையனோட உக்காந்து 'மன்னன்' பாத்தேன். விஜயசாந்தி ரஜினிய அறைவாங்க, ரஜினி திருப்பி அறைவாரு, அந்த சீனுக்கு தியேட்டர்ல கை தட்டுனவங்கள்ல நானும் ஒருத்தி. பையன் என்னைத் திரும்பிப் பாத்து "இதுக்காம்மா கை தட்டுனீங்க?"ன்னு கேட்டான். கடைசியில அந்தப் பொண்ணு நான் வீட்டோட இருந்துக்கறேன்னு சொல்ற எடத்துல சிரிக்க ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்ல. "அந்தக் காலம் அப்படிடா, யாருக்கும் இதெல்லாம் தப்புன்னு தெரியாது"ன்னு சொல்லி சமாளிச்சேன். ஆனா மனசு ஆறல. அந்தக் காலத்துப் படங்கள இனிமே பாக்காம, ஞாபகத்துல இருக்கறபடியே விட்டுடறது தான் நல்லதா? இன்னொரு சின்ன சந்தேகம், நெட்ல கெடைக்கற பழைய படமெல்லாம் ஏன் செவந்து போயி, ஆளுங்க பாதி வெட்டுப்பட்டு இருக்காங்க? பேர் போட வேண்டாம் ப்ளீஸ்.

*

வணக்கம்ங்க,

சின்ன சந்தேகம்னு கடைசியில கேட்டீங்களே, அதுலருந்தே ஆரம்பிக்கறேன், பெரிய கேள்விக்கு உண்டான பதில்ல பாதி அதுக்குள்ள தான் கெடக்கு.

அப்போ தியேட்டர்ல ஓட்டுன கலர் பிரிண்ட்ல மூணு சாயம் அடுக்கடுக்கா இருக்கும், அதுல நீலப்பச்சை சாயம் தான் பொதுவா மொதல்ல வெளுத்துப் போகும், மிச்சம் நிக்கறது ஒரு மாதிரி செவப்பு. நெகட்டிவ ஒழுங்கா குளுகுளுன்னு வெச்சு காப்பாத்துனவங்க நம்ம ஊர்ல ரொம்ப கம்மி, அதனால வெளுத்த பிரிண்ட் தான் பல நேரம் கைக்கு வருது. அப்புறம் ஸ்கோப்ல, அதாவது அகலத் திரைக்குன்னு எடுத்த படத்த பழைய சதுர டிவிக்கு ஏத்த மாதிரி வெட்டுனாங்க பாருங்க, அதுலயே படத்தோட அகலத்துல நாப்பது சதவீதத்துக்கு மேல காலி. ரெண்டு பேர் பேசிக்கற சீன்ல ஒருத்தர் மூக்கு மட்டும் ஓரமா தெரியும். அந்த டேப்பையே எடுத்து இன்னிக்கு அகல ஸ்கிரீனுக்கு இழுத்து விட்டு, மேலயும் கீழயும் இன்னொரு தடவ வெட்டி, மூலையில ஒரு லோகோவும் போட்டு நெட்ல ஏத்திடறாங்க. பி.சி. ஸ்ரீராம் 'மௌன ராகம்' படத்துக்கு (1986) ஜன்னல் வெளிச்சத்த எவ்ளோ பாத்துப் பாத்து வெச்சிருப்பாரு, இப்படி ஒரு காப்பியில அதப் பாத்துட்டு அப்படி என்ன பெரிய கேமரான்னு ஒரு பையன் கேட்டா அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

நம்ம ஞாபகமும் இப்படி வெட்டுப்பட்ட காப்பி தான்ங்க. முழுப்படமா நம்மள்ல எத்தன பேர் எத்தன தடவ பாத்திருப்போம்? வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும்ல ஒரு பாட்டு, ரேடியோவுல ஒலிச்சித்திரம், 'விதி' (1984) கோர்ட் வசனம் கேசட்டு கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல ஊரே கேக்க ஓடும், அதுலயே முழுப்படம் பாத்த மாதிரி பேசுவோம். 93ல சன் டிவி வந்தப்புறம் காமெடி தனியா, பாட்டு தனியான்னு பிரிச்சுப் பிரிச்சு குடுத்தாங்க. 'கரகாட்டக்காரன்'ன்னா (1989) வாழைப்பழம், 'மௌன ராகம்'னா மிஸ்டர் சந்திரமௌலி. அந்தப் படம் ரேவதிக்கும் மோகனுக்கும் நடுவுல இருக்கற கல்யாணத்தப் பத்தினது, கார்த்திக் ஒரு பிளாஷ்பேக்ல வந்துட்டுப் போறவர், ஆனா ரீல்ஸ்ல தேடுங்க, படம் பூரா கார்த்திக் தான் இருக்கார்னு நெனச்சுக்குவீங்க. உங்க பையன் தலைமுறை தான் படத்த துண்டு துண்டா பாக்குதுன்னு யாராச்சும் பொலம்புனா நான் ஒத்துக்க மாட்டேன், அத ஆரம்பிச்சு வெச்சதே நாம தான்.

அதனால பாக்கவே கூடாதான்னு கேட்டீங்கன்னா, பாக்கணும்ங்க, முழுசா பாக்கணும், மொத ரீல்லருந்து வணக்கம் போடற வரைக்கும். அப்படிப் பாத்தா சில படம் விழும், சில படம் நாம நெனச்சதுக்கு மேல ஏறி நிக்கும், ரெண்டுத்துக்கும் தயாரா உக்காரணும்.

'மன்னன்' (1992) விழும். பூசி மொழுக ஒண்ணும் இல்ல. நல்லா பேசற, கம்பெனிய நடத்தற ஒரு பொண்ண அடக்கி வீட்டுக்குள்ள உக்கார வைக்கறது தான் அதுல கதையே, ஓரமா வந்து போற சீனா இருந்தா மன்னிச்சு விட்டுடலாம், இங்க மொத்தப் படமும் அதுக்குத் தான் நடக்குது. கன்னடத்துல ராஜ்குமார் நடிச்ச 'அனுராக அரளிது' தான் இதுக்கு மூலம், ஆக இந்த ருசி நமக்கு மட்டும் சொந்தமும் இல்ல. ரஜினி-கவுண்டமணி சேந்து பண்ற அலப்பறைக்கு நான் இன்னிக்கும் சிரிப்பேன், இளையராஜா பாட்டுக்கு உருகுவேன், அதுக்காக அந்த அறைய நியாயப்படுத்த மாட்டேன். 'படையப்பா' (1999) வரைக்கும் இதே ஃபார்முலா தான் ஓடிட்டு இருந்துச்சு, என்ன, அதுல ரம்யா கிருஷ்ணன் நடிப்பு ஃபார்முலாவையே முழுங்கிடுச்சு.

நீங்க பையன்கிட்ட சொன்ன பதில் இருக்கு பாருங்க, அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாதுன்னு, அங்க தான் நான் ஒத்துப்போக மாட்டேன். நல்லாவே தெரியும்ங்க. 'மன்னன்' வந்து ரெண்டே வருசத்துல, 1994ல 'மகளிர் மட்டும்' வந்துச்சு. ஆபீஸ்ல பொண்ணுங்ககிட்ட வழியற மேனேஜர மூணு பொண்ணுங்க சேந்து கட்டிப்போடற கதை, ஊர்வசி, ரேவதி, ரோகிணி, வழியற ஆளா நாசர், வசனம் கிரேசி மோகன். சுப்ரீம் கோர்ட்டு விசாகா வழக்குல வேலை பாக்கற எடத்துல நடக்கற பாலியல் தொல்லைக்கு விதிமுறை போட்டதே 1997ல. கோர்ட்டுக்கு மூணு வருசம் முன்னாடியே நம்ம ஜனம் டிக்கெட் எடுத்து இத சிரிச்சு சிரிச்சுப் பாத்துட்டுப் போயிருக்கு. 93ல பாலு மகேந்திராவோட 'மறுபடியும்'. விட்டுட்டுப் போன புருஷன் திரும்பி வந்து நிக்கறப்ப ரேவதி வேணாம்னு சொல்லிடுவாங்க, கத்தி கூப்பாடு போடாம. ஆக ஒரே காலம் தான், ரெண்டு வகைப் படமும் இருந்துச்சு, நாம எதுக்கு சத்தமா கை தட்டுனோம்கறது தான் கேள்வி. பையன்கிட்ட இப்படியே சொல்லிடுங்க, எனக்கு அது புடிச்சிருந்துச்சுடா, இப்ப புடிக்கல, அவ்ளோ தான். காலத்து மேல பழி போட்டா உங்க கை தட்டலுக்கு உண்டான பொறுப்பு எங்கயோ காணாம போயிடுது.

'தேவர் மகன்' (1992) எடுத்துக்கோங்க, இது எனக்கு இன்னும் தீராத வழக்கு. படம் போய் முடியற எடம் எது? கையில ரத்தத்தோட போலீஸ் கூட கிளம்பற ஒருத்தன், இந்த வெட்டுக்குத்து போதும், போய் புள்ளைங்கள படிக்க வைங்கன்னு கெஞ்சாத குறையா சொல்றான். ஆனா தெருவுல மிஞ்சுனது போற்றிப் பாடடி பாட்டு. திருவிழாவுல, ஊர்வலத்துல, வண்டியில ஸ்பீக்கர் கட்டி போடறவங்க யாரும் அந்தக் கடைசி வசனத்த சேத்துப் போடறதில்ல. அப்ப தப்பு பாட்டத் துண்டா எடுத்தவங்க மேலயா, அப்படி ஒரு பாட்ட எடுத்துக்கோன்னு குடுத்த படத்து மேலயான்னா, ரெண்டு மேலயும் தான்னு சொல்வேன். கடைசி அஞ்சு நிமிசத்துல அறிவுரை சொல்லிட்டு அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் சாதிப் பெருமை பேசுனா ஜனம் பெருமையத் தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும். 2023ல 'மாமன்னன்' மேடையில கமல் உக்காந்திருக்கும்போதே அதோட இயக்குனர் மாரி செல்வராஜ் 'தேவர் மகன்' தனக்குக் குடுத்த வலியப் பத்திப் பேசுனாரே, அதக் கேட்டுட்டு இன்னொரு தடவ முழுப்படம் பாருங்க. நாசரும் ரேவதியும் நடிப்புல எங்கயோ நிக்கறாங்க, சிவாஜிய சொல்லவே வேணாம், இருந்தும் கூட்டத்துல நிக்கற பேரில்லாத ஜனங்க மேல தான் கண்ணு போகும். நல்ல படம்னு சொல்றதும் வலிச்சதுன்னு சொல்றதும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்க வேண்டிய அவசியம் இல்லைங்க.

'குணா' கதை வேற மாதிரி. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோட ஒரே நாள்ல வந்து அடி வாங்குன படம், 2024ல 'மஞ்சும்மல் பாய்ஸ்' அதுல வர்ற 'கண்மணி அன்போடு' பாட்ட எடுத்து வெச்சதும் தியேட்டரே எழுந்து நின்னு பாடுச்சு. பாட்டு கேட்டுட்டு படத்துக்குப் போன சின்னப் பசங்க, ஐயோ அந்தப் பொண்ண கடத்திட்டுல வந்திருக்கான்னு அதிர்ச்சி ஆயிட்டாங்க. ஆமா கடத்திட்டுத் தான் வந்திருக்கான். அவன் மனநிலை சரியில்லாதவன்னு படம் மறைக்கவும் இல்ல, நாம தான் பாட்ட மட்டும் மொபைல் காலர் ட்யூனா வெச்சுக்கிட்டு சுத்துனோம்.

இப்ப ஏறி நிக்கற படம் ஒண்ணு சொல்றேன், அடுத்த லீவுக்கு பையனோட பாருங்க. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986), விசு எழுதி இயக்குன ஏவிஎம் படம், நல்ல பொழுதுபோக்கு படத்துக்கான தேசிய விருது வாங்குனது. கேட்டா எல்லாரும் கூட்டுக்குடும்பத்த உசத்திப் புடிக்கற படம்னு சொல்வாங்க, வீட்டுக்குள்ள கோடு கிழிச்சதும் மனோரமா கம்முனு கிடன்னு அதட்டுனதும் தான் ஞாபகம் இருக்கும். கொஞ்சம் நாடகத்தனம் தான், எல்லாரும் நின்னு நிதானமா வசனம் பேசுவாங்க, பையன் நெளிவான், விடாதீங்க. சண்டையெல்லாம் முடிஞ்சு, கணக்குப் பாத்த பெரிய மகன் ரகுவரனும் மனசு மாறி, சரி எல்லாரும் ஒண்ணாயிட்டாங்க, குரூப் போட்டோ எடுத்து முடிச்சுடுவாங்கன்னு நாம எழுந்திரிக்கப் போற நேரத்துல மூத்த மருமக லட்சுமி வேணாம்னு சொல்லுவாங்க. தள்ளி இருப்போம், தனித்தனியா இருந்துக்கிட்டு வந்து போய் பாசமா இருப்போம்னு. வீட்ட ஒட்ட வெச்சதே அந்த மருமக தான், அவங்களே தான் பிரிஞ்சுடலாம்னும் சொல்றாங்க. அத மாமனார் மொகத்தப் பாத்து, கண்ணீர் விட்டு மிரட்டாம, நிதானமா சொல்றாங்க. 1986ல, குடும்பம் குடும்பமா வந்து உக்காந்திருந்த கூட்டத்துக்கு முன்னாடி!

அதே கூட்டம் அதுக்கும் கை தட்டிட்டுத் தான் போச்சு. நீங்களும் அப்போ ஸ்கூல் புள்ளையா வீட்டு ஆளுங்களோட பாத்திருப்பீங்கன்னு நெனைக்கறேன். நல்ல காப்பி கெடைச்சா முழுசா பாருங்க, கடைசி இருபது நிமிசத்த மட்டும் போட்டுக் காட்டிடாதீங்க. பையன் என்ன சொன்னான்னு எழுதுங்க, லட்சுமிய விட ரகுவரன் பக்கம் தான் நியாயம்னு சொன்னாலும் சரி, வரவு செலவு விஷயத்துல அந்தாளு பேசற சில கணக்கு இன்னிக்கு எனக்கே கொஞ்சம் சரியா தான் படுது.