பாட்டும் படிப்பும், வாட்ஸ்அப்பும் வீட்டுப்பாடமும்: கேள்வி-பதில்

ரிவிஷன் தேர்வு நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி செல்போனைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக எடுத்துக்கொண்டேன்.

பாட்டு கேட்டுக்கொண்டே கணக்குப் போடுவேன், நடுவில் சாட்டும் செய்வேன். இதுவரை மார்க் குறையவில்லை. என்னால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிகிறது என்றால் அம்மா நம்ப மறுக்கிறார். (பிளஸ் டூ மாணவி, தென்காசி)

முதலில் பாட்டையும் சாட்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவோம். கைவந்துவிட்ட கணக்குகள், உதாரணமாக ஒரே மாதிரியான பத்து தொகையிடல் கணக்குகள் என்றால், பாட்டோடு போடுவதில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் உயிரியல் பாடத்தை மனப்பாடம் செய்யும்போது காதில் பாட்டு வரிகள் ஓடினால், இரண்டு வரிகளும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று நினைத்தாலும் பேச்சைக் காது விடாது. வரிசையாக நினைவில் வைக்க வேண்டிய எதையும், புரியாத மொழிப் பேச்சுகூடக் கெடுக்கும் என்பது ஆய்வகங்களில் பல முறை பார்த்த விஷயம்.

சாட் விஷயத்தில் நான் அம்மா பக்கம். ஒரு தாளை எடுங்கள். அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்துகளையும் ஒரு வரியில் எழுதி, கீழே 1 முதல் 12 வரை எழுதுங்கள். எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதையே மாற்றி மாற்றி எழுதுங்கள்: மேலே அ, கீழே 1, மேலே ஆ, கீழே 2 என்று. பெற்றோர் கூட்டங்களில் இதைச் செய்யச் சொல்வது என் வழக்கம். உ, ஊ தாண்டியதும் ஹாலில் சிரிப்பு கிளம்பும். 'ஏ'வுக்கு அடுத்து என்ன என்று யாராவது ஒருவர் அ-விலிருந்து முணுமுணுத்துப் பார்ப்பார். எழுதுவது இரண்டு முறையும் அதே 24தான். கூடுதலாகப் போன விநாடிகள் எல்லாம் 'எங்கே விட்டேன்' என்று தேடியதற்குக் கொடுத்த கூலி. இந்தத் தாவலுக்கு ஆகும் நேரத்தை ஜெர்சில்ட் என்ற உளவியலாளர் 1927-லேயே அளந்துவிட்டார்; அப்போது செல்போனும் கிடையாது, சாட்டும் கிடையாது.

மார்க் குறையவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் 2006-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. சீட்டுகளைப் பார்த்து மழையா வெயிலா என்று ஊகிக்கப் பழக வேண்டும். ஒரு பகுதியை அமைதியாகப் பழகினார்கள். இன்னொரு பகுதியைக் காதில் விழும் பீப் ஒலிகளை எண்ணிக்கொண்டே பழகினார்கள். ஊகிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்தச் சீட்டு எதைக் காட்டுகிறது என்று கேள்வியைத் திருப்பிக் கேட்டபோதுதான், பீப் எண்ணிக்கொண்டே பழகியதில் தடுமாறினார்கள். நம் பாஷையில் சொன்னால், புக் பேக் கேள்விக்குப் பதில் வரும், அதையே சுற்றி வளைத்துக் கேட்டால் வராது. இப்போது எழுதும் தேர்வுகளில் எது அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

எட்டு, பத்து, நூறு என்று பல விஷயங்களை ஒருசேரக் கவனித்துக் காட்டும் அட்டாவதானம், தசாவதானம், சதாவதானம் எல்லாம் நம் மரபில் உண்டே! மனித மூளை ஒரே நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும் என்று நீங்கள் சொல்வதை எப்படி ஏற்பது? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்)

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் உட்கார்ந்து எழுதலாம் போலிருந்தது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் உங்கள் பக்கத்து இடலாக்குடிக்காரர்தான். 1907-ல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் சதாவதானம் செய்து காட்டியவர்.

அவதான மேடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். இன்னொருவர் வேண்டுமென்றே ஊர்க்கதை பேசுவார். நடுநடுவே மணி அடிப்பார்கள், முதுகில் சிறு கல்லோ நெல்லோ போடுவார்கள். கடைசியில் எத்தனை என்று சொல்ல வேண்டும். அவதானி இவற்றையெல்லாம் ஒரே கணத்தில் செய்வதில்லை. ஒருவருக்கு ஓரடி சொல்வார், அடுத்தவரிடம் போவார், சுற்றி வந்து விட்ட இடத்திலிருந்து இரண்டாம் அடியைச் சொல்வார். எதை எங்கே விட்டோம் என்பதைத் தவறவிடாத நினைவாற்றல்தான் அங்கே வித்தை. உயிரெழுத்துச் சோதனையில் நம்மைத் திணறவைக்கும் அதே இடத்தில் அவர் பல ஆண்டு பயிற்சியால் தேறியிருக்கிறார். மணியையும் கல்லையும் எண்ணுவது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு இன்னொரு வித்தியாசம் பெரிதாகப் படுகிறது. அவதானி மேடையில் யாப்பு கற்றுக்கொண்டிருக்கவில்லை. அது எலும்பில் ஊறிய பிறகுதான் மேடை ஏறுகிறார். நம் பிள்ளைகள் புதிய பாடத்தை உள்ளே ஏற்றும் நேரத்தில் அவதானம் செய்யப் பார்க்கிறார்கள். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'அவதானமாக இருங்கள்' என்கிறார்கள்.

பிறவியிலேயே விதிவிலக்கானவர்கள் கொஞ்சம் பேர் இருக்கலாம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரை, கார் ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, போனில் நினைவாற்றல் கணக்கும் கேட்டுப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, இரண்டிலும் சறுக்காதவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்து பேர்.

வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன், என்னுடையது. ஹோம்வொர்க் வகுப்பு குரூப்பில்தான் வருகிறது. பனியன் கம்பெனியிலிருந்து எட்டு மணிக்கு வந்து போனைக் கொடுத்தால், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒன்பதரை வரை திருப்பித் தருவதில்லை. தினமும் சண்டை. (ஒரு தாய், திருப்பூர்)

பையனோடு சண்டை போடாதீர்கள் அம்மா. அவனுக்குப் போனிலிருந்து வேண்டியது மூன்று வரி. அதற்காக முழுப் போனையும் கையில் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் வாசியுங்கள், அவன் டைரியில் எழுதிக்கொள்ளட்டும். முடிந்தால் பஸ்ஸில் வரும்போதே நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒர்க் ஷீட்டைப் படமாக அனுப்பியிருந்தால் வரும் வழியில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கலாம். ஒரு டீ செலவுதான். வீடியோ பார்க்கச் சொல்லியிருந்தால், எழுத்து வேலை எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கட்டும். போனை முதலில் கொடுத்தால் போச்சு. ரீல்ஸுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று கிடையாது, எங்கே மூடுவது என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

பாதிக் குற்றம் அந்த குரூப்புடையது என்பேன். காலையில் ரோஜாப்பூ, மாலையில் நாற்பது 'நன்றி மிஸ்', யாருக்கோ பிறந்தநாள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் தேர்வு நேரம் மாறிய அறிவிப்பு இப்படி ஒரு பிறந்தநாள் வாழ்த்துக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் காலை மூன்று பிள்ளைகள் தாமதமாக வந்து நின்றார்கள். அறிவிப்பைத் தவறவிட்டவர்களில் நானும் ஒருவன். அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைக்க வாட்ஸ்அப்பில் வழி இருக்கிறது. வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், நான்கு தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் செய்துவிடுவார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பில் நான் எதையோ பார்த்தால் நஷ்டம் எனக்குத்தானே? புரொபசர் ஏன் மூடச் சொல்கிறார்? (பொறியியல் மாணவர், கோவை)

தம்பி, 2013-ல் கனடாவில் இதைச் சோதித்தார்கள். வகுப்பு நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலைகளும் பார்த்தவர்களின் மதிப்பெண் 11 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய திரை கண்ணில் படும் இடத்தில், தாளில் ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்களுக்கோ 17 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், எண்ணைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். ஆனால் அசையும் திரை பக்கத்தில் இருந்தால் கண் அங்கே போகும் என்பதற்குப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனைப் பார்த்த அனுபவமே போதும். உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதால் கடைசி பெஞ்ச் ஒரு வகையில் நாகரிகமான தேர்வு. பக்கத்தில் இருப்பவரை என்ன செய்வது?

போனை சைலண்டில் போட்டு, கவிழ்த்து வைத்தால் போதாதா? 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு எடுக்கும் முறை நல்லதா? (இரண்டு பேர் கேட்டது)

மேசையில் சும்மா கிடக்கும் போனே கவனத்தைத் தின்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2017-ல் சொன்னது. பிறகு வேறு சிலர் செய்து பார்த்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. எனவே அதை வைத்து யாரையும் மிரட்ட மாட்டேன். போன் அதிர்ந்தால், எடுத்துப் பார்க்காவிட்டாலும் செய்யும் வேலையில் தவறு கூடுகிறது என்ற 2015 ஃபுளோரிடா ஆய்வை அதைவிட நம்புகிறேன். பக்கத்து அறையில் சார்ஜில் போட்டுவிட்டால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம்.

25 நிமிடத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. 1980களின் கடைசியில் ஓர் இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையல் டைமரை வைத்துத் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு அது. 15 ஆனாலும் சரி, 40 ஆனாலும் சரி. ஓய்வு நேரத்தில் போனைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஒரே ஹால். ஏழரையிலிருந்து பத்து வரை சீரியல் ஓடும். அம்மாவுக்கு அதை விட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. என்ன செய்வது? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

டிவியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளெல்லாம் தனியாக இருப்பவருக்கு அந்த இரண்டரை மணி நேரம்தான் துணை.

மகள் டிவிக்கு முதுகு காட்டி உட்காரட்டும். சத்தத்தைவிடத் திரைதான் அதிகம் இழுக்கும். அந்த நேரத்துக்கு வரைபடம், படம் வரைவது, பழகிய கணக்கு, ரெக்கார்டு நோட்டு என்று கை வேலைகளை ஒதுக்குங்கள். மனப்பாடமும் புதிய பாடமும் விடியற்காலை அமைதிக்குப் போகட்டும்.

பாட்டியையும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். விளம்பரம் வரும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அன்று காலை படித்ததை மகள் பாட்டியிடம் கதையாகச் சொல்லட்டும். பாட்டிக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சரயேவோவில் இளவரசரைச் சுட்டதிலிருந்து முதல் உலகப் போரைத் தொடங்கினால், "அவனை எதுக்குடி சுட்டாங்க?" என்று பாட்டி கட்டாயம் கேட்பார். பதில் வராவிட்டால், மறுநாள் காலை எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று மகளுக்குத் தெரிந்துவிடும்.