ட்ரெவர் நோவா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: அண்ணே, தென்னாப்பிரிக்கக் காமெடியன் ட்ரெவர் நோவாவுக்கு அமெரிக்க டிவியில், செய்திகளைக் கிண்டலடிக்கும் ‘தி டெய்லி ஷோ’வை நடத்தும் நாற்காலி கிடைத்தது வெறும் லக்தானே?

ப: லக்கும் உண்டு, தம்பி. ஆனால் ஊரில் அவர் அதற்கு முன்பே பெரிய ஆள். 18 வயதில் சீரியலில் தலைகாட்டினார். 2009-இல் ‘தி டேவாக்கர்’ என்று தனி ஷோ, 2010-இல் சொந்தப் பெயரில் டாக் ஷோ. அதையெல்லாம் விட்டுவிட்டு 2011-இல் அமெரிக்கா போனார். அங்கே அவரை யாருக்குத் தெரியும்? அடுத்த ஜனவரியில் ஜே லெனோ நடத்திய ‘தி டுநைட் ஷோ’வில் ஏறினார். தென்னாப்பிரிக்க ஸ்டாண்டப் கலைஞர், அதாவது தனியாக நின்று பேசியே சிரிக்கவைப்பவர், அந்த மேடை ஏறியது அதுவே முதல்முறை.

கே: தன் பிறப்பே குற்றம் என்கிறாரே, மிகைதானே?

ப: இல்லைங்க. அம்மா கோசா இனத்துக் கறுப்பர், அப்பா சுவிட்சர்லாந்து வெள்ளையர். இவர் ஜோகன்னஸ்பர்கில் பிறந்த 1984-இல் அங்கே கறுப்பர்-வெள்ளையர் உறவே சட்டப்படி குற்றம். அடுத்த வருஷம்தான் தடை நீங்கியது. தெருவில் போலீஸ் வந்தால் அம்மா சட்டென்று கையை விட்டுவிடுவாராம். இதையும் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வார்.

கே: பல மொழி தெரிந்தது உதவியதா?

ப: ரொம்ப. கோசா, ஜுலு, ஆஃப்ரிகான்ஸ் என்று நாலா பக்கமும் கேட்டு வளர்ந்த காது அது. ஒருவரைப் போலப் பேசும்போது குரலோடு நிற்காது, தோளும் மாறும். நான் ஓப்பன் மைக்கில், அதாவது யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற மேடையில், இதை முயன்று அசிங்கப்பட்டது தனிக் கதை.

கே: அவருக்கு முன் ‘தி டெய்லி ஷோ’வை நடத்திய ஜான் ஸ்டூவர்ட் இடத்தை நிரப்பினாரா?

ப: உடனே இல்லை. அடுத்து இவர்தான் என்ற அறிவிப்பு வந்ததுமே இவருடைய பழைய ட்வீட்டுகளைத் தோண்டினார்கள். சில உண்மையிலேயே மோசம். 2015 செப்டம்பர் 28-இல் ஆரம்பித்தவர், ஸ்டூவர்ட் மாதிரி கோபப்படப் பார்த்தபோதெல்லாம் ஒட்டவில்லை. என்னைக் கேட்டால், 2020 கொரோனா சமயத்தில் ஹூடி போட்டு வீட்டிலிருந்து பேசியபோதுதான் ஷோ முழுக்க அவருடையதானது. 2022 டிசம்பரில் விலகினார்.

கே: என் மச்சான் ஸ்டாண்டப் பழகுகிறான். எதைப் பார்க்கச் சொல்ல?

ப: 2014 டிசம்பரில் ‘தி டெய்லி ஷோ’வில் அவர் முதன்முதலாக வந்த பகுதி. ஜோடி ஜோடியாகப் படம் காட்டி, எது ஆப்பிரிக்கா என்று ஸ்டூவர்ட்டைக் கேட்பார். அவரும் இடிந்து கிடப்பதையே ஆப்பிரிக்கா என்பார். அது அமெரிக்காவாக இருக்கும். இவர் குரலை உயர்த்தவே மாட்டார். ஜோக்கை விடுங்கள், ஸ்டூவர்ட் தப்பாகச் சொன்னதும் இவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள்.