அம்மாவின் விருப்பத்தை எழுதி வைக்கலாமா?

வணக்கம் சார்,

அம்மாவுக்கு வயது 74. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். "முடியாமப் போச்சுன்னா ஐசியூல போட்டுக் குழாய் மாட்டாதீங்க" என்று அடிக்கடி சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "இது கருணைக்கொலை, பேசுறதே அபசகுனம்" என்று கோபப்படுகிறான். அம்மா சொல்வதைச் சட்டப்படி எழுதி வைக்க முடியுமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

முடியும். இந்த உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் நடைமுறையில் பெரும்பாடு. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன் அம்மா கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

அண்ணனின் பயம் புரிகிறது. ஆனால் ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம்தான். இது வேறு. மீளவே வழியில்லாத நோயில், அம்மாவால் தன் முடிவைச் சொல்ல முடியாத கட்டத்தில்தான் இந்தப் பத்திரத்துக்கு வேலை. அப்போதும் சிகிச்சை தரும் டாக்டர் உட்பட மூன்று பேர் குழு பார்க்கும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் சம்மதிக்க வேண்டும். வலிக்கான மருந்தை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 'குழாய் வேண்டாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். நிமோனியா வந்து நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அதையுமா அம்மா வேண்டாம் என்கிறார்? நினைவே திரும்பாது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு தொடர்வதைத்தான் வேண்டாம் என்கிறாரா? அவருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: டயாலிசிஸை எந்தக் கட்டத்தில் நிறுத்தலாம்? சிறுநீரக டாக்டரிடம் அம்மாவையே அழைத்துப்போய்க் கேளுங்கள். தெளிவில்லாத ஒரு வரி, ஐசியூ வாசலில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லி உங்களைச் சண்டை போட வைக்கும்.

அம்மா சார்பில் பேச ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரைக் குறிப்பிடலாம். பாசம் அதிகம் உள்ளவர் என்பதற்காக ஒருவரைப் போடாதீர்கள். உறவுக்காரர்கள் நடுவில் நின்று, "அம்மா கேட்டது இதுதான்" என்று சொல்லத் திராணி உள்ளவரைப் போடுங்கள். நீங்கள்தான் அது என்று நினைக்கிறேன். அண்ணன் பெயரும் இருக்கட்டும், விலக்கி வைத்தால் கோபம்தான் வளரும்.

பத்திரத்தை பேங்க் லாக்கரில் பூட்டிவிடாதீர்கள். பெயர் குறிப்பிடப்பட்டவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் நகல் இருக்கட்டும். மாநகராட்சியில் இதற்கான பொறுப்பு அதிகாரியிடமும் ஒன்று கொடுக்க வேண்டும்.

அப்புறம், கையெழுத்துக்கு முன்னால் அண்ணனை வீடியோ காலில் கூப்பிடுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம், அம்மாவே பேசட்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்துகொள்ளலாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.